தட்டை வயிற்று நத்தை

கடல் நத்தை ஓடுகளைப் பார்த்து, அளந்து, வர்ணித்து, பெயர் சொல்வது என் தொழில். அதையும் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே நிற்கிற புனேயில் உட்கார்ந்து செய்கிறேன். உங்கள் உத்தியோகம் என்னவென்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டு, நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் அவர் பந்திக்கு எழுந்து போயிருந்தால், நீங்கள் நம்ம ஆள். கொஞ்சம் உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

எங்கள் ஆய்வகத்தில் கடல் நத்தைப் பிரிவு என்றால் ஓர் அறை, இரண்டு மைக்ரோஸ்கோப், வரிசையாக இரும்பு அலமாரிகள், அப்புறம் நானும் கேதகியும். கேதகி ரத்னகிரிப் பக்கத்துப் பெண். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் என்னிடம் ஆய்வாளராக இருந்தாள். என்னை ‘தாயி’ என்று கூப்பிடுவாள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். அவள் ஒரு சின்னஞ்சிறு நத்தையைக் கண்டெடுத்திருந்தாள். இது யாரும் இதுவரை பெயர் வைக்காத புது இனம் என்று காட்டி, மார்ச் முடிவதற்குள் ஒரு கட்டுரையை அச்சுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த வருஷமும் அவளுக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் ஔந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் வேலை. அந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே கசப்பு மருந்தைப் பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

இந்தச் சம்பவங்கள் எல்லாம் அந்த ஒரு வருஷத்தையும் அதற்குப் பிந்தைய சில மாதங்களையும் சேர்ந்தவை. மராத்தியிலும் இந்தியிலும் பேசியவர்களை இங்கே தமிழில் பேச வைத்திருக்கிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், படிக்கப் போவதில்லை.

தொட்டி நத்தை

ஜூலை மாத மழையில் ஒரு நாள், ஔந்திலிருந்து ஓர் அம்மாள் காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு நேராக எங்கள் அறைக்குள் வந்தார். கையில் ஸ்ரீகண்ட் இனிப்பு வாங்கிய காலி டப்பா. மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். மேஜையில் வைத்துத் திறந்தார். உள்ளே கட்டைவிரல் பருமனில் தோட்டத்து நத்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பால்கனியில் வைத்திருக்கும் துளசி, மணிபிளான்ட், கறிவேப்பிலை எதையும் விட்டுவைக்கவில்லையாம். குடியிருப்புச் சொசைட்டியின் செயலாளரிடம் சொன்னால், நத்தை ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

நாங்கள் பார்ப்பது கடல் நத்தை, அதுவும் செத்த நத்தையின் ஓடு, அதுவும் உளுந்தளவு என்று பணிவாக எடுத்துச் சொன்னேன். கேதகி ஒரு நத்தை ஓட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். அந்த அம்மாள் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். டப்பாவை மூடினார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“செடியைத் தின்கிற நத்தை ஊர் முழுக்க இருக்கிறது, அதற்கு ஆள் இல்லை. ஊரிலேயே இல்லாத நத்தைக்கு இரண்டு பேர்!”

எத்தனை மில்லிமீட்டர்?

நத்தை ஓட்டை வர்ணிப்பதற்கு ஒரு முறை உண்டு. உச்சி மேலே, வாய் நம்மைப் பார்த்தபடி வைக்க வேண்டும். பெரும்பாலும் வாய் வலப்பக்கம் இருக்கும். உச்சியிலிருந்து எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். ஒரு சுற்று அடுத்த சுற்றோடு சேரும் இடத்தில் ஓடும் கோட்டுக்கு எங்கள் பாஷையில் தையல் என்று பெயர். வெளி உதடு தடிப்பா, மெலிவா, அதன் உட்புறம் வரிசையாகப் புடைப்புகள் உண்டா என்று பார்க்க வேண்டும். அந்தப் புடைப்புகளுக்குப் பல் என்று பெயர். கடைசியாக நிறம். நிறத்தை நம்பாதே என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவோம். ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் எந்த நத்தையும் வெளுத்துவிடும்.

கேதகியின் நத்தை உளுந்தைவிடக் கொஞ்சம் நீளம். பால் நிறத்தில் காபிப்பொடிப் புள்ளிகள். இதே சாயலில் இதே கரையில் ஏற்கெனவே பெயருள்ள நத்தை ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு இல்லாத ஒன்று இதற்கு இருந்தது. வாய்க்கு இடப்பக்கம், வயிற்றில், உப்புத்தாள் வைத்து இழைத்துவிட்ட மாதிரி ஒரு தட்டையான இடம். கரை மணலைச் சலித்து அவள் பொறுக்கிய ஓடுகள் அத்தனையிலும் அதே இடத்தில் அதே தட்டை. நான் பார்த்தேன், எங்கள் தலைவர் ஜோஷி சார் பார்த்தார், எல்லோருக்கும் சந்தோஷம். லத்தீனில் ‘தட்டை வயிறு’ என்று பொருள் வரும்படி கேதகி ஒரு பெயரும் தயார் செய்துவிட்டாள்.

முதல் வரைவை ஜோஷி சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கேதகி, ‘அழகான சிறிய ஓடு’ என்று எழுதியிருக்கிறாய். அழகு எத்தனை மில்லிமீட்டர்?”

ஃபேனைப் போடாதே

புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, சேகரித்ததில் ஒரே ஓர் ஓட்டைத் தேர்ந்தெடுத்து, இந்தப் பெயர் இதற்குத்தான் என்று கட்டிப்போட வேண்டும். மூலமாதிரி என்பார்கள். நூறு வருஷம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தாலும் அந்த ஓட்டைத்தான் தேடி வருவார்கள். அது தொலைந்தால் மானம் போயிற்று. அதனால் ஓடு மேஜையில் இருக்கும்வரை எங்கள் அறையில் ஃபேன் கிடையாது, ஜன்னல் திறக்கக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்ம வேண்டும். மழை நின்றதும் புனேயில் ஒரு வெயில் அடிக்குமே, அந்த அக்டோபரில் நாங்கள் இருவரும் வியர்வையில் நனைந்துகொண்டு வேலை பார்த்தோம்.

அப்போது தீயணைக்கும் சிலிண்டரைச் சோதிக்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர். இரண்டு பெண்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, எங்களைக் கேட்காமலே சுவிட்சைத் தட்டினார். கேதகி ஈரப் பிரஷ் நுனியில் மூலமாதிரியை எடுத்துக் குப்பிக்குள் வைக்கப்போன நேரம். ஃபேன் ஒரு சுற்று சுற்றியது. பிரஷ் நுனியில் ஒன்றுமில்லை.

“யாரும் நகராதீங்க!” என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கேதகியும் நானும் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தவழ்ந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தரையைக் கட்டம் கட்டமாகக் கூட்டினோம். கூட்டியதைச் சலித்தோம். பென்சில் சீவல், யாரோ தின்ற சிவ்டா மிக்சரின் அவல், ஒரு பட்டன், கடைசியில் நத்தை. உதட்டில் ஒரு சில்லுகூடப் போகவில்லை. கேதகி அதைக் குப்பியில் போட்டு மூடிவிட்டு ஓவென்று அழுதாள். அதுவரை சிலிண்டரைக் கட்டிப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த அந்த மனிதர் மெதுவாக இன்னொரு காலையும் ஊன்றினார்.

“மேடம், நான் எத்தனையோ ஆபீஸில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடத்தியிருக்கிறேன். இவ்வளவு வேகமாக யாரும் தரையில் படுத்ததில்லை.”

தங்கம்

உதட்டுப் பற்களைத் தெளிவாகப் படம் எடுக்க எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். எங்களிடம் இல்லை. இன்னோர் ஆய்வகத்தில் மன்றாடி, முறை வாங்கி, ஓடுகளைக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கருவியில் வைப்பதற்கு முன்னால் ஓட்டின்மேல் மெல்லிய தங்கப் பூச்சு பூசுவார்கள். பூசினால்தான் படம் துலங்கும். பூசிய ஓடு பூசியதுதான், பழையபடி ஆகாது. ஆகவே மூலமாதிரியை வீட்டுப் பிள்ளை மாதிரி பத்திரமாக வைத்துவிட்டு, மிச்சத்திலிருந்து சிலவற்றைத்தான் பலி கொடுப்போம்.

அன்றைக்கு விஷ்ராந்த்வாடி வீட்டுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. மகர்பட்டா ஆபீஸிலிருந்து என் கணவர் முருகேசன் எனக்கு முன்னாலேயே வந்து, குக்கர் வைத்து, விசில் எண்ணிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர். ஏன் லேட் என்று கேட்டார். நத்தைக்குத் தங்கப் பூச்சு பூசிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் ஒரு விசில் முழுக்க யோசித்தார்.

“அப்பம் அடுத்த அட்சய திரிதியைக்கு உனக்கு ஒண்ணும் வேண்டாம்லா? ஆபீஸ்லயே தங்கமும் கையுமாத்தானே இருக்க.”

பாளையங்கோட்டைச் சித்தப்பா

தீபாவளி முடிந்த வாரம் முருகேசனின் சித்தப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். உரக்கடை வைத்து நடத்தியவர். எதையும் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, என்ன பிரயோஜனம் என்று கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. அரண்மனை எரிந்துபோய் மதில் மட்டும் நிற்கிற ஷனிவார்வாடா கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, இவ்வளவு பெரிய மதிலுக்குள் வீட்டைக் காணோமே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இரவு சாப்பிடும்போது என் வேலையைப் பற்றி விசாரித்தார். போனில் படம் காட்டினேன். இது உதடு, இது பல், இது தையல் என்று விரல் வைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தின்பார்களா என்றார். இதில் என்ன சதை இருக்கிறது, தின்ன மாட்டார்கள் என்றேன். சுண்ணாம்புக்கு? ஒரு மூட்டை சேர்ப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும் என்றேன். மருந்துக்கு? இல்லை. என் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பாதித் தமிழும் பாதி இந்தியுமாக எனக்குப் பரிந்து பேசினாள்: “தாத்தா, அம்மா அதுக்கு நாம் வைக்கிறாங்க, பெயர்!” சித்தப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“திங்கவும் ஆகாது, மருந்துக்கும் ஆகாது, ஒரு கோழிக்குக்கூடக் காணாது. பொறவு எதுக்கும்மா குனிஞ்சு குனிஞ்சு அதுக்குப் பல்லெண்ணுதிய?”

இரண்டு ரெஃபரி

கட்டுரையை அனுப்பினால் அது பெயர் தெரியாத இரண்டு நிபுணர்களிடம் போகும். அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. ஒருவர் நல்லது சொன்னால் இன்னொருவர் கெட்டது சொல்வார் என்பது நாம் எல்லோரும் அனுபவித்த விஷயம். முதல் ரெஃபரி, பல்லைப் பற்றி எழுதியது போதாது என்றார். இரண்டாமவர், பல்லைப் பற்றி இவ்வளவு எழுதியது அநாவசியம், வயிற்றில் இருக்கும் தட்டை ஒன்றே போதுமே என்றார். மரபணு பார்த்தீர்களா என்று இருவருமே கேட்டார்கள். காலி ஓட்டில் மரபணுவுக்கு எங்கே போவது என்று மரியாதையாக எழுதினோம்.

பிப்ரவரியில் கட்டுரை ஏற்கப்பட்டது. கேதகி பேடா வாங்கி வந்து மாடி மாடியாகக் கொடுத்தாள். ஔந்துப் பள்ளிக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிடவா என்று என்னைக் கேட்டாள். அச்சுப்படி கைக்கு வரட்டும், அவசரப்படாதே என்றேன். நம் தொழிலில் பேடாவுக்கும் அச்சுக்கும் நடுவில் எத்தனையோ நடக்கும். பத்திரிகை ஆசிரியரிடமிருந்து இன்னொரு மெயிலும் வந்திருந்தது. இவ்வளவு கறாரான மனிதர் இப்படியும் கேட்பாரா என்று ஆச்சரியமாக இருந்தது.

“உயிருள்ள நத்தையின் படம் ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள். அட்டையில் போடலாம்.”

பாறைக் குழியில்

அட்டைப்படம் என்றதும் கேதகிக்குக் கால் தரையில் பாவவில்லை. மார்ச் முதல் வாரம், கடல் நன்றாக உள்வாங்கும் நாளாகப் பார்த்து, அவள் ஊர்ப்பக்கத்துக் கரைக்கு இருவரும் போனோம். தண்ணீர் இறங்கினால் அங்கே கருப்புப் பாறைகளுக்கு நடுவில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அது எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வேண்டும். அடியில் வாழ்கிறவை செத்துப்போகும் என்பதால் எங்களுக்குள் இது கண்டிப்பு. முதுகு ஒடியக் கல் புரட்டினோம்.

முதலில் எனக்குத்தான் கிடைத்தது. ஒரு கல்லின் அடியில், பால் நிறத்தில் காபிப்பொடிப் புள்ளி, வெள்ளைப் பாதத்தை நீட்டி நகர்ந்துகொண்டிருந்தது. கேதகி லென்ஸை வைத்துப் புரட்டிப் பார்த்தாள். வயிறு உருண்டையாக இருந்தது. இது மற்ற நத்தை, நம்முடையது இல்லை என்றாள். இன்னொன்று எடுத்தோம். உருண்டை. இன்னொன்று. அதுவும் உருண்டை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையில் தட்டை வயிறு ஒன்று அகப்பட்டது. உள்ளங்கையில் வைத்ததும் அது நத்தைக்கு ஆகாத வேகத்தில் ஓடியது. புரட்டினால், வாயிலிருந்து கால்கள். துறவி நண்டு. காலி ஓட்டில் குடியேறி, அதையே இழுத்துக்கொண்டு திரியும் பொடி நண்டு. ஓட்டின் ஒரே பக்கத்தைப் பாறையில் தேய்த்துத் தேய்த்து அது நடந்ததில்தான் வயிறு தட்டையாகியிருக்கிறது. மணலில் நாங்கள் பொறுக்கியது எல்லாம் நண்டு குடியிருந்து காலி செய்த வீடுகள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ரெஃபரி, ஒரு தலைவர், நான், எல்லோரும் சேர்ந்து தேய்மானத்துக்கு லத்தீனில் பெயர் வைத்திருக்கிறோம்! அப்புறம் கேதகியின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு, நண்டு ஓடி இறங்கிப்போன உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாயி, நான் நத்தையை வர்ணிக்கவில்லை. நண்டு நடந்ததை வர்ணித்திருக்கிறேன்.”

பெயர் என்றால் பெயர்தான்

திரும்பி வந்தபோது அச்சுப்படி காத்திருந்தது. சரி என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த வாரம் வெளியாகிவிடும், ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படும். வேண்டாம் என்று எழுதினால் மார்ச்சுக்குள் வேறு கட்டுரைக்கு வழியில்லை. தட்டை வயிற்றை எடுத்துவிட்டால் இது புது இனம்தானா என்பதே எங்களுக்குத் தெரியாது. ஜோஷி சார் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். சார் நல்லவர். கேதகிக்காக மேலிடத்தில் பேசி ஒப்பந்தத்துக்கு வழி செய்ததே அவர்தான். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஒருமுறை முறைப்படி அச்சில் வந்த பெயர், பொருத்தமில்லாவிட்டாலும் நிற்கும். அது எங்கள் துறையின் விதி. கருப்பு என்று பெயர் வைத்து வெள்ளையாகத் திரிகிற பிராணிகள் எத்தனையோ. இப்போது வெளியிடு, அடுத்த வருஷம் நீயே திருத்தம் எழுது, அதுவும் ஒரு கட்டுரைதான் என்றார்.

 கேதகி சரி என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. எதிர் நாற்காலி காலியாக இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதோடு, அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்குமா என்று கேட்காதீர்கள், இருந்தது. கேதகி நெடுநேரம் அச்சுப்படியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதை மூடி சாரின் மேஜைமேல் வைத்தாள்.

“சார், இதை நம்பி யாராவது அந்தப் பாறையில் வந்து உட்காருவார்கள். உயிரோடு இருக்கிற ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று போட்டுவிட்டுப் போவார்கள். நானே அன்றைக்கு அப்படித்தான் போட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை

ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தது. எனக்கு அவள்மேல் கோபம். வேலையை விட்டவள் அவள், தனியாக மாட்டிக்கொண்டவள் நான் என்று வீட்டில் புலம்பினேன். ஜூனில் ஔந்துப் பள்ளியில் சேர்ந்தாள். ஆனால் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். அன்று நண்டைக் கண்ட பிறகு கரையில் மறுபடி பொறுக்கிக் கொண்டுவந்த உருண்டை வயிற்று நத்தைகளை மறுபடி முதல் சுற்றிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். பல்லில் வித்தியாசம் இல்லை. தையலில் இல்லை. அப்படியே போனது பல வாரம்.

நத்தை வளரும்போது வாய்ப்பக்கமாகத்தான் கட்டிக்கொண்டே போகும். முட்டையிலிருந்து வந்தபோது இருந்த ஓடு உச்சியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நண்டு இழுத்த ஓடுகளில் அந்த உச்சியும் தேய்ந்து மொட்டையாகியிருந்ததால் முன்பு நாங்கள் பார்க்க வழியில்லை. உயிரோடு கிடைத்தவற்றில் இளசுகளுக்கு உச்சி முழுதாக இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் கேதகி அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். பெயருள்ள பழைய நத்தைக்கு உச்சி ஊசி மாதிரி, மூன்று மெல்லிய சுற்று. பிறந்ததும் கடலில் மிதந்து ஊர் சுற்றும் குஞ்சுகளுக்கு அப்படித்தான் இருக்கும். இதற்கு ஒரே ஒரு சுற்று, கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. முட்டையை விட்டு வந்ததும் நேரே பாறையில் ஊர்கிற ஜாதி. ஒன்றில் மட்டும் அப்படியா என்று அடுத்ததை வைத்தோம், அதற்கடுத்ததை வைத்தோம். எல்லாம் கொழுக்கட்டை. இரண்டும் வேறு வேறு நத்தை என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. நான் எழுந்து ஃபேனைப் போடப் போய், ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன். கேதகி கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“தாயி, நாளைக்கு எனக்கு ஏழாம் வகுப்பு யூனிட் டெஸ்ட். பேப்பர் இன்னும் செட் பண்ணவில்லை.”

ஸ்டாஃப் ரூம்

புதுக் கட்டுரை எழுதி, பழைய ரெஃபரிகளிடமே போய், இந்த முறை இருவரும் ஒரே பேச்சாகச் சரி சொல்லி, டிசம்பரில் வெளியானது. பெயரில் வயிறும் இல்லை, தட்டையும் இல்லை. அது வாழ்கிற கரையின் பெயரையே வைத்துவிட்டோம். ஆசிரியர் பெயர்களில் கேதகியின் பெயர் முதலில், அதற்குக் கீழே பள்ளிக்கூடத்தின் முகவரி. ஒப்பந்தத்தை இனி எதுவும் செய்ய முடியாது. அந்த இடத்தையே அந்த வருஷம் எடுத்துவிட்டார்கள்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நானே ஔந்துக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டாஃப் ரூமில் கேதகி விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பிரதியை வாங்கி, பெயரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை, வயிற்றுப் பக்கத்தை வர்ணிக்கும் வரிக்குப் போனாள். ‘வயிறு ஒரே சீராக உருண்டது’ என்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.  மற்ற டீச்சர்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சுற்றி நின்று, எட்டிப் பார்த்து, கைதட்டினார்கள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். பிரதியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். நல்லது என்று தலையசைத்துவிட்டு, எந்த வகுப்புப் போர்ஷனில் இது வருகிறது என்று கேட்டார். கேதகி எழுந்து நின்றாள்.

“எந்த வகுப்பிலும் இல்லை, மேடம். போன வாரம்தான் பெயர் வைத்தோம்.”

ஆக, நண்பர்களே, உளுந்தளவு நத்தைக்கு உலகம் உள்ளவரை அழியாத பெயரை வாங்கிக் கொடுத்துவிடலாம், அதை வாங்கிக் கொடுத்தவளுக்கு அடுத்த ஏப்ரல்வரை ஒரு நாற்காலி வாங்கிக் கொடுப்பதுதான் நம் தொழிலில் முடியாத காரியம்.